நாற்காலியில் கிடந்த அரிசி

வெள்ளிக்கிழமை கிடந்தது. சனிக்கிழமையும் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படுகிற நேரத்தில் மறுபடியும் கிடந்ததைப் பார்த்ததும் சரோஜம் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, வாழைத்தோட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இஞ்ச வந்து பாருங்க. இண்ணைக்கும் கெடக்கு."

ராஜையன் உடனே வரவில்லை. கர்க்கிடக மாசத்து ஆடிக்காற்று மூன்று ஏத்தன் வாழையை ஒடித்துப் போட்டிருந்தது. மிச்சம் நின்றவற்றுக்குக் கழுத்தில் கயிறு கட்டி, மறுமுனையைப் பக்கத்து வாழையின் மூட்டில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஓணத்துக்கு வெட்ட வேண்டிய குலைகள். ஒன்று சாய்ந்தால் அதோடு கட்டியதும் சாயும். எதை எதோடு கட்டுவது என்பதில் அவர் யாரையும் நம்புவதில்லை. எழுபத்திரண்டு வயதிலும் முடிச்சை அவர் கைதான் போட வேண்டும்.

வந்து பார்த்தார். வராந்தாவில் இரண்டு ஒயர் நாற்காலி. ஒன்று அவருடையது. மற்றதில் நாலைந்து அரிசி. வெளுத்து, கொஞ்சம் மஞ்சளித்து, காய்ந்து கிடந்தது.

"அரிசிதான. எலி கொண்டு போட்டிருக்கும்."

"அந்த எலி உங்க நாற்காலியில ஏன் போடல்ல? மூணு நாளும் பெருமாளண்ணன் இருக்கிற நாற்காலியிலதான் போடணும்னு எலிக்கு யாரு செல்லிக் குடுத்தா?"

ராஜையன் வாழைக்கே திரும்பிப் போனார்.

பெருமாளண்ணன் என்று அவள் சொன்னது பின்வீட்டு வன்னியபெருமாளை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு முன்னால் முறுக்கு சுடும் வேலைக்குக் கேரள எல்லையிலுள்ள இந்தப் பாறசாலைக்கு வந்தவர், இப்போது சொந்தமாகவே வீட்டை ஒட்டிச் செட்டுப் போட்டு, முறுக்குப் பிழிந்து பேக்கரிகளுக்குக் கொடுக்கிறார். காலை முதல் ஈடு எண்ணெயிலிருந்து ஏறினதும் பத்து மணிக்கு நாகர்கோவில் பதிப்புப் பத்திரிகையோடு இந்த வராந்தாவுக்கு வருவார். அவர் வாசிப்பார், ராஜையன் ஒன்றையும் நம்பாமல் கேட்பார். நாலாம் வகுப்பு வரைக்கும் மலையாளப் பள்ளிக்கூடம் போன ராஜையனுக்கு மலையாளம் எழுத்துக்கூட்டத் தெரியும், தமிழ் பேசத் தெரியும், இரண்டிலும் அச்சடித்து வருகிற எதையும் பிடிக்காது. வன்னியபெருமாள் எழுந்து போனதும் கைசர் அந்த நாற்காலியில் ஏறிச் சுருண்டுகொள்ளும். முறுக்கு வாசம் அதில் இருக்கும். பொமரேனியன் ரத்தம் பாதி ஓடுகிற, சடைபிடித்த வெள்ளை நாய். மகள் ரெம்யா குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது.

சர்ச் முடிந்து கூடவே வந்த ரத்னாபாய் அரிசியைக் கிட்டப் போகாமல் தள்ளி நின்று பார்த்தாள். பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"நமக்கு இதில விசுவாசம் இல்ல கேட்டியா சரோஜம். கர்த்தருக்க பிள்ளைகளுக்கு இது ஒண்ணும் ஏக்காது. ஆனா இது கூடோத்ரமாக்கும். அரிசி ஓதிப் போடுயது."

"செய்வினையா?"

"நான் செல்லல்ல. நீ கேட்டதுனால செல்லியேன். வாழ எத்தன விழுந்து?"

"மூணு."

"அரிசி எத்தன நாளாட்டு?"

"மூணு."

ரத்னாபாய் குடையை விரித்தாள்.

"விசுவாசம் இல்லாத்தவளுக்கு வாய் எதுக்கு இவ்வளவு நீளம்?" என்று ராஜையன் அவள் முதுகுக்குக் கேட்கும்படியே சொன்னார். சொன்னாரே தவிர, மத்தியானம் மரச்சீனிக் கிழங்கையும் மீன்குழம்பையும் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

காரணம், ஒரு காகிதம். வன்னியபெருமாளின் வீட்டுக்குத் தனி வழி கிடையாது. ராஜையனின் முற்றத்தின் வழியாகத்தான் முப்பது வருஷமாகப் போகிறார், வருகிறார். இரண்டு வருஷமாக அவர் மனைவி செண்பகவல்லிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி, விடிந்ததும் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். அஜீஷின் ஆட்டோ இந்த முற்றம் கடந்து அவள் படிக்கட்டு வரைக்கும் போகும். பஞ்சாயத்தில் சொல்லி அந்த வழிக்குக் காங்கிரீட் போட ஏற்பாடு செய்கிறேன், ஒரு ஒப்பு, ஒரு கையெழுத்து, போடுங்கள் என்று போன புதன்கிழமை வன்னியபெருமாள் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"நடந்து போவும். ஆட்டோ கொண்டு போவும். யாரு தடுத்தா? கடலாசு எதுக்கு?" என்று ராஜையன் அதைத் தொடக்கூட இல்லை.

புதன்கிழமை காகிதம். வெள்ளிக்கிழமை அரிசி. அரிசி ஊறவைத்து, உலர்த்தி, மாவாக்குகிற வீடு அது ஒன்றுதான். ராஜையன் இதை ஒரு பக்கமிருந்து பார்த்தால் மூடத்தனமாகத் தெரிந்தது. மறுபக்கம் வந்து பார்த்தால் பொருந்திப் பொருந்தி வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வன்னியபெருமாள் வந்து நாற்காலியில் உட்காரப் போனார்.

"இருக்காதேயும்" என்றார் ராஜையன்.

"ஏன் அண்ணாச்சி, ஈரமா?"

"அரிசி கெடக்கு. யாருக்க அரிசின்னு பாரும்."

வன்னியபெருமாள் குனிந்து பார்த்தார். அரிசிக்காரர், கண்ணாலேயே தரம் சொல்லுவார். "இது நம்ம அரிசி இல்லயே. நம்மது இட்லி அரிசிலா, உருண்டையா இருக்கும். இது சீரகச் சம்பா கணக்கா சிறுசா இருக்கு."

"அப்ப ஓதுறதுக்குன்னு தனியா வாங்கினியளோ?"

"என்னது?"

"ஒப்புப் போடல்லன்னா அரிசியா போடுவிய? முப்பது வருசம் எனக்க முற்றத்துல நடந்த காலு வோய் அது."

வன்னியபெருமாளுக்கு முதலில் விளங்கவில்லை. வாசற்படியில் நின்ற சரோஜம் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மடித்து வைத்திருந்த பத்திரிகையை நாற்காலிக் கையில் வைத்தார். மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, என் பொண்டாட்டிக்கு வாரத்துல மூணு நாள் ரத்தத்தை வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடுதாங்க. மந்திரம் தெரிஞ்சவன்னா நான் அங்கல்லா போட்டிருப்பேன் அரிசிய."

"அது எனக்குத் தெரியாது."

"ஆமா. உங்களுக்கு என்னதான் தெரியும்."

போய்விட்டார். கைசர் வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனது, உடைந்த முறுக்குக்காக. "எடே, இஞ்ச வா" என்று ராஜையன் கூப்பிட்டதை அது காதில் வாங்கவில்லை.

அன்று மத்தியானம் மழை கொஞ்சம் விட்டபோது ராஜையன் வழியை அடைத்தார். வாழைக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த கவுங்குக் கம்புகளைக் குறுக்கே வைத்துக் கட்டினார், மேலே ஒரு பழைய தகரத்தையும் வைத்துக் கட்டினார். நல்ல முடிச்சு. கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, தான் செய்தது வேலியா அல்லது கோபமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு அஜீஷின் ஆட்டோ வந்து, தகரத்தைப் பார்த்து, ஹாரன் அடித்து, கொஞ்ச நேரம் நின்று, ரிவர்ஸில் போனது. பின்வீட்டில் பேச்சுக் குரல் கேட்டது. அதன்பின் கால்வாய் ஓரத்துச் சானல்கரை வழியாக அவர்கள் போவது வாழைகளுக்கு நடுவே தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் செண்பகவல்லி. நாற்காலியின் முன்கால்களை முறுக்குச் செட்டில் வேலை செய்கிற இசக்கிப்பாண்டியும், முதுகுப் பக்கத்தை வன்னியபெருமாளும் பிடித்திருந்தார்கள். கரை ஒற்றையடி. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் காட்டுச்சேம்பு. ரோட்டுக்குப் போய்ச் சேர அரை கிலோமீட்டர்.

"பாத்துக்கிட்டு நிக்கிதியளே" என்றாள் சரோஜம்.

"நீதான அரிசியக் காட்டின?"

"நான் அரிசியத்தான் காட்டினேன். வழிய அடைக்கவா செல்லினேன்?"

அதுவும் சரிதான் என்று அவருக்குப் பட்டது. எல்லாரும் சொல்வது சரியாகவே இருந்தது, அதுதான் தொந்தரவு.

புதன்கிழமை காலையில் நாற்காலியில் மறுபடியும் அரிசி. வன்னியபெருமாள் இந்தப் பக்கம் கால்வைத்து இரண்டு நாளாயிற்று. வழியில் தகரம். கேட்டில் பூட்டு. அப்படியானால் போடுவது யார்? சரோஜமா? முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ரத்னாபாயா? அவள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வரவில்லை. ராஜையன் நாற்காலியைத் துணி நனைத்துத் துடைத்தார். தன் நாற்காலியை எதிரே போட்டு உட்கார்ந்தார். எவன் வந்தாலும் பார்த்துவிடுவது.

மழை வந்தது, நின்றது. பால்காரன் வந்து போனான். கைசர் செட்டிலிருந்து திரும்பி வந்து, நாற்காலியில் ஏறி, தன்னைத்தானே பல்லால் நோண்டிக் கடித்துவிட்டுப் படுத்தது. இப்போதெல்லாம் அது பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வயசாயிற்று என்று நினைத்திருந்தார். மூன்றரை மணிக்கு நாய் எழுந்து சோம்பல் முறித்துக் குதித்து இறங்கியது.

நாற்காலியில் ஒரு அரிசி.

யாரும் வரவில்லை. கண் இமைக்காமல்தான் இருந்தார். ராஜையன் கிட்டே போய்க் குனிந்தார். இது காய்ந்த அரிசி இல்லை. ஈரமாக, வெள்ளையாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. பிறகு சுருங்கியது. பிறகு ஒயரின் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போனது.

"சரோஜம்" என்றார். மறுபடியும் கூப்பிட்டார்.

சரோஜம் வந்து பார்த்தாள்.

"அரிசி நடக்குது" என்றாள்.

"புழுவாக்கும்."

"காலத்த வரைக்கும் அரிசியா இருந்துதுலா. அரிசி போட்டு, அது புழுவா மாறி நடக்குதுன்னா, அது வலிய கையாக்கும். ரத்னாபாய்க்கு மருமகனுக்க வீட்டுல இப்படித்தான்..."

"வாய மூடு பிள்ளே."

ஆனால் அவருக்கும் தெரியவில்லை. அரிசி புழுவானதா, புழு அரிசியானதா? எந்தப் பக்கம் முதல்? ஒரு பவுடர் டப்பாவில் அதைத் தட்டிவிட்டு மூடினார். வழியை அன்றைக்கே திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தெரியாத ஒன்றை வைத்து அடைத்தாயிற்று. அதே தெரியாததை வைத்து எப்படித் திறப்பது என்று நின்றார்.

வியாழக்கிழமை காலை மழை கொட்டியது. சானல்கரையில் இசக்கிப்பாண்டியின் கால் வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செண்பகவல்லி கத்தவில்லை. டயாலிசிஸ் ஊசிக்காக வெட்டி நரம்பைச் சேர்த்துவைத்த இடது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேம்புக்காட்டில் பக்கவாட்டில் விழுந்தாள். உடம்பு எங்கே அடிபட்டாலும் அந்தக் கை அடிபடக்கூடாது. அவளைத் தூக்கி மறுபடி உட்காரவைத்துத் துண்டால் சேற்றைத் துடைக்கிற வன்னியபெருமாளை வாழைகளுக்கு இந்தப் பக்கமிருந்து ராஜையன் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடிக்கலாம். போனால் என்ன சொல்வது?

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிய அஜீஷை ரோட்டில் மறித்தார். ஒரு கையில் டப்பா, ஒரு கக்கத்தில் நாய்.

"மிருகாசுபத்திரிக்கு விடு."

"மனசு நன்னாயிடுச்சா அம்மாவா?" என்று, மாமாவை மலையாளத்தில் அழைத்துக் கேட்டுவிட்டு அஜீஷ் ஆட்டோவைத் திருப்பினான்.

டாக்டர் சபீனா சின்னப் பெண். டப்பாவைத் திறந்து பார்த்து, நாயின் வாலைத் தூக்கிப் பார்த்து, சடையை விலக்கிக் காட்டினாள். வாலுக்குக் கீழே முடியில் ஏழெட்டு அரிசி ஒட்டிக் காய்ந்திருந்தது.

"இது அரிசி இல்ல அம்மாவா. நாடாப்புழு. குடலுக்குள்ள நாடா மாதிரி நீளத்துல கெடக்கும். வால்பக்கம் துண்டு துண்டா முறிஞ்சு வெளிய வரும். வரும்போ அனங்கும், நெளியும். காஞ்சா அரிசி மாதிரி ஆயிடும். நாயி படுத்த எடத்துல எல்லாம் உதிரும்."

"அரிசிச் சோறு குடுத்ததுனாலயா?"

"இல்ல, செள்ளு, தெள்ளுப்பூச்சி. இந்தப் புழுவோட முட்டைய செள்ளுக் குஞ்சு திங்கும். நாயி மேல கடிச்சுச் சொறியும்போ அந்தச் செள்ளை முழுங்கும். உள்ள போயி புழு வளரும்."

ராஜையன் இதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "செள்ளு புழுவத் திங்குது. நாயி செள்ளத் திங்குது. புழு நாய உள்ள இருந்து திங்குது. கொள்ளாமே. இதுல யாரு யாருக்கத் தீனி?"

வாசலில் நின்ற அஜீஷ் சிரித்தான். டாக்டரும் சிரித்தாள். ராஜையன் சிரிக்கவில்லை, அவர் உண்மையாகவே கேட்டார்.

"கடைசியா எப்போ புழுக் குளிகை குடுத்தீங்க?"

"சீக்கு இல்லாத்த நாயிக்குக் குளிகை எதுக்கு?"

"இப்போ சீக்கா இல்லையா?"

"இப்ப நீங்க செல்லித்தான் தெரியும்."

டாக்டர் குளிகை எழுதினாள். செள்ளுக்கும் மருந்து எழுதினாள். மனிதருக்கு அநேகமாக வராது, செள்ளை விழுங்கினால்தான் வரும், நாயைத் தொட்டால் கையைக் கழுவுங்கள் என்றாள். "குளிகை மட்டும் போராது. நாயி படுக்கிற எடத்துல எல்லாம் செள்ளு மருந்து அடிக்கணும். இல்லேன்னா திரும்ப வரும். வேற எங்கயாவது போய்ப் படுக்குமா?"

ராஜையன் மேசைமேல் கிடந்த பேனாவைப் பார்த்தார்.

"முறுக்குக்காரரு செட்டுல, சாக்குமேலயாக்கும் பகல் முழுக்கக் கெடப்பு" என்றான் அஜீஷ்.

வீட்டுக்கு வந்து குளிகையை மத்திமீனுக்குள் வைத்துக் கொடுத்தார். பிறகு தகரத்தை அவிழ்த்தார். மூன்று நாள் மழையில் முடிச்சு இறுகியிருந்தது. அரிவாளால் அறுக்க வேண்டி வந்தது. கம்புகளை ஓரமாக அடுக்கிவிட்டு, நீண்ட நாளைக்குப் பிறகு அவரே அந்த வழியில் நடந்துபோனார்.

வன்னியபெருமாள் அடுப்பு முன்னால் நின்று கொதிக்கிற எண்ணெயில் முறுக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அது அரிசி இல்ல வோய். புழு. நாயிக்க வயித்துல உள்ளது. டாக்டரு செல்லியாச்சு."

"அப்படியா."

"வழிய எடுத்துட்டேன்."

வன்னியபெருமாள் ஒரு ஈடை அரித்து எடுத்து எண்ணெய் வடியவிட்டார். "அரிசி புழுன்னு ஆனதுனால தொறந்தீய. நாளைக்கு உளுந்து கெடந்தா என்ன செய்வீய அண்ணாச்சி?"

ராஜையன் வடிகிற எண்ணெயைப் பார்த்தபடி நின்றார்.

"கோவத்துல கேக்கல. தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன். எள்ளு கெடந்தா? அண்ணைக்கும் ஒரு டாக்டரு கெடைக்கணும்லா. எங்களுக்குக் கரையே போதும். அது கவர்மெண்டு எடம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

திரும்பி வந்து சரோஜத்திடம் சொன்னார்: "அவருக்கு வழி வேண்டாமாம்."

"நீங்க என்ன செல்லினிய?"

"புழுன்னு செல்லினேன்."

"அது நாயிக்க காரியம். உங்க காரியம் என்ன செல்லினிய?"

தன் காரியம் என்று தனியாக ஒன்று உண்டா என்று வெள்ளிக்கிழமை முழுக்க வாழைக்கு மண் அணைத்துக்கொண்டே யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை ஆறு மணி. மழை இல்லை, கரை மட்டும் குழைந்து கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி பின்வீட்டுப் படியை விட்டு இறங்கியது. வழி திறந்து கிடக்கிறது. கம்புகூட இல்லை. வன்னியபெருமாள் அதைப் பார்க்காததுபோல் சானல்பக்கம் திரும்பினார். முற்றத்தின் ஓரத்தில் ராஜையன் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நில்லுங்க" என்றாள் செண்பகவல்லி.

"என்ன?"

"இந்த வழியாப் போவோம்."

"அங்க எதுக்கு? அவுகளுக்கு நாளைக்கு வேற ஏதாச்சும் தோணும்."

"தோணட்டும். ரோசம் உங்களுக்கு. ஊசி எனக்கு. இன்னொரு வாட்டி விழுந்து இந்தக் கை போச்சுன்னா வேற கையில வெட்டணும். திருப்புடே இசக்கி."

இசக்கிப்பாண்டி திருப்பினான். முதுகைப் பிடித்திருப்பவர் முன்னால் பிடித்திருப்பவன் போகிற பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். நாற்காலி முற்றத்துக்குள் வந்தது. ராஜையனுக்கு நேர் எதிரே வந்ததும், "கொஞ்சம் இறக்குங்க" என்றாள். இறக்கினார்கள். வன்னியபெருமாள் வாழைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாயிக்கு மருந்து குடுத்தாச்சா அண்ணாச்சி?"

"குடுத்தாச்சு."

"செள்ளுக்கு?"

"அதும் வாங்கியாச்சு. இஞ்ச எல்லாம் அடிச்சாச்சு."

"எங்க செட்டுல அடிக்கலேன்னா திரும்பி வரும்னு டாக்டரம்மா சொன்னாகளாமே. அஜீஷ் சொன்னான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாங்க வர ரெண்டு மணி ஆகும். இசக்கியும் கூட வாரான். நீங்க போயி அடிச்சிருங்க. சாவி சன்னல் மேல இருக்கு. ஊறவச்ச அரிசி அஞ்சு குண்டான்ல இருக்கு, காயப்போட்டது துணியில கெடக்கு. அதையெல்லாம் உள் அறைக்கு மாத்தி, கதவைச் சாத்திட்டு அடிங்க. மருந்து பட்டா ஒரு வார வேலை போச்சு."

"ஏ" என்றார் வன்னியபெருமாள், அவளிடம்.

"பேசாம தூக்குங்க. நேரமாச்சு."

தூக்கினார்கள். ஆட்டோ போகிற சத்தம் ரோட்டில் கரைகிற வரைக்கும் ராஜையன் அங்கேயே நின்றார்.

"சாவி எங்க இருக்குன்னு எதுக்கு எங்கிட்ட செல்லணும்?" என்று சரோஜத்திடம் கேட்டார். "அரிசி போட்டான்னு செல்லினவன்கிட்ட அரிசி இருக்கிற வீட்டுச் சாவிய எதுக்குத் தரணும்? இதுல என்ன இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? போயி வேலையப் பாருங்க."

எட்டு மணிக்கு மருந்தைக் கலக்கி எடுத்துக்கொண்டு போனார். சாவி சொன்ன இடத்தில்தான் இருந்தது. செட்டுக்குள் புளித்த ஈரவாசம். தரையில் விரித்த வெள்ளை வேட்டியில் அரிசி, ஒரு ஆள் நீளத்துக்கு. மருந்தை வெளியிலேயே வைத்தார். குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். ஒரு தடவை போதாதென்று இன்னொரு தடவை கழுவினார். குண்டான்களை ஒவ்வொன்றாக உள் அறைக்குத் தூக்கிவைத்தார். பிறகு வேட்டியின் நாலு முனையையும் கூட்டிப் பிடித்துத் தூக்கப் போனபோது ஒரு பிடி அரிசி தரையில் சிந்தியது.

ராஜையன் கனத்த வேட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். மண்டியிட்டு உட்கார்ந்தார். சிந்தினதை ஒன்றுகூட விடாமல், ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.